மின் ஃபயர் பம்புக்கு ஜெனரேட்டர்: வாங்கும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

எங்கள் கட்டடத்தின் ஃபயர் பம்புக்கு (தீ பிடித்தால் குழாய்களில் தண்ணீரைத் தள்ளும் பம்ப்) 75 கிலோவாட் மோட்டார், 125 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) ஜெனரேட்டர். கணக்குப்படி தாராளம் என்று விற்றவர் எழுதிக் கொடுத்தார், நானும் கையெழுத்துப் போட்டேன். சோதனை நாளில் மெயினை அணைத்தோம். ஜெனரேட்டர் சமர்த்தாக எடுத்தது. எங்கள் பம்ப் பேனல் 'ஸ்டார்-டெல்டா' வகை: மோட்டாரை முதலில் குறைந்த கரண்டில் (ஸ்டார்) கிளப்பி, வேகம் பிடித்ததும் முழு இணைப்புக்கு (டெல்டா) மாற்றும். ஸ்டாரில் கிளம்பியது, விளக்குகள் மங்கின, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறும் நொடியில் பேனலுக்குள் கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்க்கும் மின்காந்த சுவிட்ச்) டக்டக்கென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. என்ஜின் முக்கியது, வோல்டேஜ் முள் கீழே விழுந்தது, பம்ப் நின்றுவிட்டது. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை மூடி வைத்துக்கொண்டு, "சரி, அடுத்த தேதி சொல்லுங்கள்" என்றார்.

அடுத்த தேதி கிடைக்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் கற்றதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் மின் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. கட்டடத்தின் பராமரிப்புப் பொறுப்பு புதிதாக உங்கள் தலையில் விழுந்திருந்தாலும் போதும். கணக்கை நீங்கள் போடப் போவதில்லை, போடுபவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

1. முதலில், ஜெனரேட்டர்தான் வேண்டுமா என்று பாருங்கள்

தீ பிடித்தால் கரண்ட் போக வாய்ப்பு அதிகம். கேபிள் வெந்து போகும், மெயின் டிரிப் ஆகும், இல்லையென்றால் உள்ளே நுழையும் தீயணைப்பு வீரர்களே கட்டட மின்சாரத்தை அணைக்கச் சொல்வார்கள். அதனால்தான் மின் மோட்டாரில் ஓடும் ஃபயர் பம்புக்கு நம்பகமான மின்சாரம் வேண்டும், மெயின் லைன் நம்பகமானது இல்லையென்றால் இரண்டாவது வழி ஒன்று வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன.

அந்த இரண்டாவது வழி ஜெனரேட்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டீசல் என்ஜினிலேயே நேரடியாக ஓடும் ஃபயர் பம்ப் ஒன்றைக் கூடுதலாக வைக்கலாம். என் கருத்து இது: கட்டடத்தில் லிஃப்ட், அவசர விளக்கு, புகை வெளியேற்றும் விசிறி என்று வேறு தேவைகளுக்காக எப்படியும் பெரிய ஜெனரேட்டர் வரப்போகிறது என்றால், ஃபயர் பம்பையும் அதில் சேர்ப்பது நியாயம். பம்புக்காக மட்டுமே ஜெனரேட்டர் வாங்குவதாக இருந்தால், டீசல் பம்பின் விலையையும் கேட்டு வாங்கி, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மோட்டாரைக் கிளப்புவதற்காகவே தேவையைவிடப் பெரிய ஜெனரேட்டர் வாங்க வேண்டியிருக்கும் என்பதால், பல நேரம் டீசல் பம்ப் மலிவாக முடியும். ஆனால் அதற்கும் அடிக்கடி ஓட்டிப் பார்க்கும் வேலை, என்ஜின் பராமரிப்பு, தனி எரிபொருள் தொட்டி, புகைபோக்கி என்று தொல்லைகள் உண்டு.

2. எந்த விதி என்பதை எழுத்தில் வாங்குங்கள்

பல நாடுகளில் ஃபயர் பம்புக்கு என்எஃப்பிஏ 20 என்ற அமெரிக்கத் தரவிதியை அப்படியேயோ, உள்ளூர் விதிகளோடு கலந்தோ பின்பற்றுகிறார்கள். ஜெனரேட்டருக்கு என்எஃப்பிஏ 110. பம்ப் பொருத்திய பிறகு செய்யும் பராமரிப்புக்கு என்எஃப்பிஏ 25. கீழே நான் சொல்லும் எண்கள் பெரும்பாலும் இவற்றைத் தழுவியவை. உங்கள் இடத்தில் வேறு விதி இருந்தால் அதுதான் கடைசி வார்த்தை. காப்பீட்டு நிறுவனம் தனியாகக் கூடுதல் நிபந்தனை போட்டிருக்கவும் கூடும், அதையும் விசாரியுங்கள்.

இந்த ஒரு கேள்வியையாவது கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ ஒப்புதல் தரும் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்: "ஜெனரேட்டரின் எந்தத் தரவிதியை, எந்த ஆண்டுப் பதிப்பை ஏற்பீர்கள்?" பதிப்பு மாறினால் உட்பிரிவு மாறும். வாய்மொழியாகச் சொன்னவர் பணி மாறிப் போனால் நீங்கள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அது நடந்தது.

3. ஜெனரேட்டரைக் கடைசியாக வாங்குங்கள்

நான் செய்த பெரிய தவறு இதுதான். ஜெனரேட்டர் வந்து சேர நாளாகும் என்று பயமுறுத்தினார்கள். சரி, முதலில் அதை ஆர்டர் செய்துவிடுவோம் என்று செய்துவிட்டேன். பம்ப் பிறகுதான் முடிவானது. வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும்: தண்ணீர்த் தேவை, அதற்கேற்ற பம்ப், பம்புக்கேற்ற மோட்டார், மோட்டாரைக் கிளப்பும் முறை, அதற்கேற்ற கன்ட்ரோலர் பேனல், இதெல்லாம் தாளில் உறுதியான பிறகு ஜெனரேட்டர்.

ஜெனரேட்டர் விற்பவரிடம் போகும் முன் உங்கள் கையில் இருக்க வேண்டிய தாள்கள்:

பம்பின் செயல்திறன் வரைபடம் ஒன்று. ஃபயர் பம்ப் தன் பெயர்ப்பலகையில் உள்ள அளவோடு நிற்பதில்லை. அதன் 150 சதவீதத் தண்ணீர் ஓட்டத்திலும் குறைந்தது 65 சதவீத அழுத்தம் தர வேண்டும். அதனால் வரைபடத்தில் மின்சக்தி எந்த இடத்தில் உச்சத்துக்குப் போகிறது என்று பாருங்கள். அந்த உச்ச அளவுதான் கணக்குக்கு வேண்டும், 100 சதவீத ஓட்டத்தில் உள்ளது அல்ல.

மோட்டாரின் தகவல் தாள் ஒன்று. அதில் முழுச் சுமை ஆம்பியர், கிளம்பும்போது இழுக்கும் ஆம்பியர் இரண்டும் இருக்க வேண்டும். இரண்டாவதை 'லாக்டு ரோட்டர் கரண்ட்' என்பார்கள், பொதுவாக முதலாவதைப் போல ஆறு மடங்கு வரும். "ஆறு மடங்கு இருக்கும் சார்" என்று வாயால் சொல்வதை வாங்காதீர்கள், தயாரிப்பாளரின் தாள் வேண்டும்.

கன்ட்ரோலர் பேனலின் தாள் ஒன்று. நேரடித் தொடக்கமா (முழு வோல்டேஜையும் ஒரேயடியாகக் கொடுப்பது), ஸ்டார்-டெல்டாவா, ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரா, சாஃப்ட் ஸ்டார்ட்டரா என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். ஸ்டார்-டெல்டா என்றால் 'ஓப்பன்' மாற்றமா, 'குளோஸ்டு' மாற்றமா என்றும் கேளுங்கள். ஓப்பன் வகையில் மாறும் கணத்தில் மோட்டாருக்கு மின்சாரம் மிகச் சிறிது நேரம் அறுபட்டு மீண்டும் சேரும், அப்போது ஒரு கூர்மையான கரண்ட் எகிறல் வரும். மெயினில் அது தெரியாது. ஜெனரேட்டரில் எங்களுக்குத் தெரிந்தது.

அப்புறம், அதே ஜெனரேட்டரில் ஓடப்போகும் மற்ற எல்லாச் சுமைகளின் பட்டியல்.

4. அளவு: முதல் சில நொடிகளுக்குத்தான் ஜெனரேட்டர்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத் தாங்குவது ஜெனரேட்டருக்குப் பெரிய விஷயமே இல்லை. நின்ற இடத்திலிருந்து அதைக் கிளப்பும் அந்தச் சில நொடிகள்தான் சோதனை. மோட்டார் கிளம்பும்போது பேனலின் உள்வரும் முனையில் வோல்டேஜ் 15 சதவீதத்துக்கு மேல் விழக்கூடாது. ஓடும்போது, முழுச் சுமை ஆம்பியரின் 115 சதவீதத்தில், மோட்டார் முனையில் 5 சதவீதத்துக்கு மேல் விழக்கூடாது. இந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

எங்கள் மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். 75 கிலோவாட், 400 வோல்ட், முழுச் சுமையில் சுமார் 135 ஆம்பியர். அதாவது ஓடும்போது ஏறத்தாழ 94 கேவிஏ. இந்த எண்ணைப் பார்த்துத்தான் 125 கேவிஏ போதும் என்று சொன்னார்கள். கிளம்பும்போது ஆறு மடங்கு, 810 ஆம்பியர், ஏறத்தாழ 560 கேவிஏ. ஸ்டார்-டெல்டா என்றால் ஸ்டாரில் அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 187 கேவிஏ.

இனி வோல்டேஜ் எவ்வளவு விழும்? தோராயமாகப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஆல்டர்னேட்டரின் (ஜெனரேட்டரில் மின்சாரம் உண்டாக்கும் பகுதி) கேவிஏவை அதன் 'டிரான்ஸியன்ட் ரியாக்டன்ஸ்' என்ற எண்ணால் வகுங்கள், திடீர்ச் சுமையில் வோல்டேஜ் எவ்வளவு விழும் என்பதைச் சொல்லும் எண் அது. தகவல் தாளில் இருக்கும், 0.2 என்று வைத்துக்கொள்வோம். 125-ஐ 0.2-ஆல் வகுத்தால் 625. கிளம்பும் கேவிஏவை, அதுவும் இந்த 625-உம் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் வீழ்ச்சி வரும். ஸ்டார்-டெல்டாவுக்கு 187-ஐ 812-ஆல் வகுக்க, 23 சதவீதம். நேரடித் தொடக்கம் என்றால் 47 சதவீதம். ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறும் கணத்தின் எகிறலும் இந்த அளவை நெருங்கலாம். பாதி வோல்டேஜ் போனால் கான்டாக்டரின் காயிலால் தன்னைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. விடும். விட்டதும் சுமை போய் வோல்டேஜ் ஏறும், மறுபடி பிடிக்கும், மறுபடி விடும். நாங்கள் கேட்ட டக்டக் சத்தம் அதுதான்.

அதே கணக்கில் 250 கேவிஏ போட்டால் ஸ்டார்-டெல்டாவுக்கு 13 சதவீதம் வருகிறது, தேறிவிடும். நேரடித் தொடக்கத்துக்கு 15 சதவீதத்துக்குள் நிற்க வேண்டுமானால் 640 கேவிஏ பக்கம் போக வேண்டும். ஒரே மோட்டார்தான், கிளப்பும் முறையை மாற்றியதும் ஜெனரேட்டர் இரண்டரை மடங்கு பெரிதாகிறது. பணம் எங்கே மிச்சமாகும், எங்கே கையைக் கடிக்கும் என்பது இந்த ஒரு முடிவில் இருக்கிறது. பேனலில் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து நல்ல தொடக்க முறையை வாங்குவது, ஜெனரேட்டரில் அதைவிடப் பெரிய தொகையை மிச்சப்படுத்தும்.

இது தோராயம்தான். ஆர்டர் கொடுக்கும் முன் ஜெனரேட்டர் தயாரிப்பாளரின் மென்பொருளில் போட்ட கணக்கை, உங்கள் மோட்டாரின் எண்களோடு, அச்சிட்ட அறிக்கையாகக் கேளுங்கள். அந்த அறிக்கையில் நான்கு இடங்களைப் பாருங்கள்.

அனுமதித்த வோல்டேஜ் வீழ்ச்சி எவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள்? பெரிய பொறி இங்கேதான். பல கையேடுகளில் 'மோட்டார் கிளப்பும் திறன்' என்று பெருமையாகப் போட்டிருக்கும் எண் 30 சதவீத வீழ்ச்சிக்கானது. உங்களுக்கு வேண்டியது 15. அதே இயந்திரத்துக்கு 15 சதவீதத்தில் கிடைக்கும் எண் பாதிக்கும் குறைவாக இருக்கும்.

மற்ற சுமைகள் முன்பே ஓடிக்கொண்டிருக்கும்போது பம்ப் கடைசியாகக் கிளம்புவதாகப் போட்டிருக்கிறார்களா? வசதிக்காகப் பம்பை முதலில் கிளப்பிக் கணக்கு காட்டுவார்கள். ஸ்பிரிங்க்ளர் (தீயின் சூட்டில் தானாகத் திறந்து தண்ணீர் தெளிக்கும் முனை) எந்த நேரத்தில் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் கிளம்பினாலும் தாங்க வேண்டும். முடியாவிட்டால், பம்ப் கேட்கும்போது தேவையற்ற சுமைகளைத் தானாகக் கழற்றிவிடும் ஏற்பாடு வைக்கலாம், அதற்கு அனுமதி உண்டு. இரண்டு பம்ப் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பாமல் சில நொடி இடைவெளி வேண்டும்.

ஹெர்ட்ஸ் (மின்சாரத்தின் அதிர்வெண், என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும்) எவ்வளவு விழுகிறது? ஆல்டர்னேட்டரைப் பெரிதாகப் போட்டுவிட்டு என்ஜினைச் சிறிதாக வைத்தால் வோல்டேஜ் நிற்கும், வேகம் விழும்.

வெப்பநிலையும் உயரமும் எவ்வளவு? சூடான அறையிலும் மலைப்பாங்கான இடத்திலும் என்ஜினின் திறன் குறையும். அறையின் உண்மையான வெப்பத்தைப் போடச் சொல்லுங்கள்.

ஒரு பக்கக் குறிப்பு. "விஎஃப்டி வைத்தால் சின்ன ஜெனரேட்டரே போதும்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். விஎஃப்டி என்பது மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி. வேகத்தை மாற்றும் ஃபயர் பம்ப் பேனலில் விஎஃப்டி பழுதானால் அதைத் தாண்டிப் போகும் பைபாஸ் இருக்கும். அந்த பைபாஸ் எந்த முறையில் கிளப்புகிறது என்று கேட்டேன். நேரடித் தொடக்கம். அப்படியானால் ஜெனரேட்டர் அதற்கும் தாங்க வேண்டும், மிச்சம் ஒன்றுமில்லை.

பேனலின் பக்கவாட்டில் உள்ள அவசரக் கைப்பிடியைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அதை இழுத்தால் கான்டாக்டர் இயந்திர முறையிலேயே மூடிக்கொள்ளும். அந்தத் தொடக்கத்துக்கு 15 சதவீத விதியிலிருந்து விலக்கு உண்டு. ஆனாலும் ஜெனரேட்டரில் ஓடும்போது கைப்பிடியை இழுத்தால் என்ன ஆகும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

5. மாற்று சுவிட்ச்: பொது ஏடிஎஸ்ஸில் சேர்க்காதீர்கள்

கட்டடம் முழுவதுக்கும் ஏற்கெனவே ஒரு ஏடிஎஸ் (மெயின் போனால் தானாக ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) இருக்கிறதே, அதன் கீழேயே ஃபயர் பம்பையும் போட்டுவிடலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். கூடாது. ஃபயர் பம்புக்குத் தனி மாற்று சுவிட்ச் வேண்டும், வேறு எந்தச் சுமையும் அதில் தொங்கக்கூடாது, அது ஃபயர் பம்ப் பயன்பாட்டுக்கென்றே சான்று பெற்றதாக இருக்க வேண்டும். பேனலோடு சேர்ந்தே ஒரே பெட்டியாக வரும் வகையை வாங்கினால் பாதித் தலைவலி குறையும். தனித்தனியாக வாங்கி ஒட்டவைத்தால், ஒன்று கோளாறு செய்யும்போது இரண்டு விற்பனையாளரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள்.

அந்த சுவிட்ச் என்ன செய்ய வேண்டும்? ஏதாவது ஒரு ஃபேஸில் வோல்டேஜ் 85 சதவீதத்துக்குக் கீழே போனால் ஜெனரேட்டரைக் கிளப்பி, அது தயாரானதும் மாற வேண்டும். நொடிநேரக் கண்சிமிட்டலுக்கெல்லாம் ஜெனரேட்டரை எழுப்பாமல் சிறிது பொறுக்க வேண்டும். மெயின் திரும்பி வந்ததும் ஓடிப்போய் மாறாமல், அது நிலைத்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மாற வேண்டும். ஆனால் அந்தக் காத்திருப்பில் ஜெனரேட்டர் படுத்துவிட்டால் உடனே மெயினுக்குத் தாவ வேண்டும். சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரை ஒரு மூலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கண்மூடித்தனமாக மாற்றினால் கரண்ட் மிகக் கடுமையாக எகிறும், அதைத் தவிர்க்கும் ஏற்பாடும் உள்ளே இருக்க வேண்டும். இதெல்லாம் சான்று பெற்ற பெட்டியில் தானாக இருக்கும். பட்டறையில் செய்து தரும் சேஞ்ச் ஓவரில் இருக்காது, விலை பார்த்து மயங்காதீர்கள்.

ஜெனரேட்டரை எழுப்பும் சின்னக் கம்பி ஜோடியை யாரும் கவனிப்பதில்லை. பெரிய கேபிளுக்கு நெருப்புத் தாங்கும் உறை போட்டுவிட்டு, இந்தக் கம்பியைச் சாதாரணப் பைப்பில் மற்ற கம்பிகளோடு ஓட்டிவிடுவார்கள். எலி கடித்தாலோ தீயில் வெந்தாலோ ஜெனரேட்டருக்குச் செய்தியே போகாது. இந்தக் கம்பி தனியாகப் போக வேண்டும், எப்போதும் கண்காணிப்பில் இருக்க வேண்டும், அறுந்தால் ஜெனரேட்டர் தானாகக் கிளம்ப வேண்டும். பொருத்தி முடித்ததும் நானே ஒரு முனையைக் கழற்றிப் பார்த்தேன். கிளம்பவில்லை. திரும்பவும் ஆள் வரவழைத்து மாற்றினோம்.

பெரிய கேபிள் பற்றி ஒரு வரி: பம்புக்குப் போகும் வழியில் அது இரண்டு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும். 50 மில்லிமீட்டர் கான்கிரீட்டுக்குள் புதைக்கலாம், இரண்டு மணி நேரத் தரமுள்ள உறைக்குள் கொண்டுபோகலாம், அல்லது தீ தாங்கும் சான்று பெற்ற கேபிளை அதன் சான்றில் சொன்ன முறைப்படி பொருத்தலாம். கேபிளின் நீளத்தை 5 சதவீதக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

6. பிரேக்கர்: வழக்கமான புத்தியைக் கழற்றி வையுங்கள்

மின் வேலை தெரிந்தவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. மற்ற இடங்களில் மோட்டாரைக் காப்பாற்ற பிரேக்கர் வைப்போம். இங்கே மோட்டார் கருகினாலும் பரவாயில்லை, தண்ணீர் நிற்கக்கூடாது. அதனால் மோட்டார் அதிகச் சுமை இழுத்தால் அணைக்கும் ஓவர்லோடு ரிலே கிடையாது. தரைக்கு மின்சாரம் கசிந்தால் அணைக்கும் எர்த் ஃபால்ட் டிரிப்பும் கிடையாது. மெயின் பக்கத்தில் உள்ள பிரேக்கர், கிளம்பும் ஆம்பியரைக் கால வரம்பில்லாமல் சுமக்கும் அளவில் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் பக்கத்தில் அவ்வளவு தேவையில்லை. பம்ப் அறையின் முழுச் சுமையும் ஒரே கணத்தில் ஏறினால் டிரிப் ஆகாமல் இருந்தால் போதும்.

ஜெனரேட்டரோடு சேர்ந்தே ஒரு பிரேக்கர் வரும், அதில் எர்த் ஃபால்ட் டிரிப் ஆன் செய்தே வரலாம். ஃபயர் பம்புக்குப் போகும் வழியில் அது இருக்கக்கூடாது. ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

7. எரிபொருள்

பம்பை அதன் 100 சதவீதத் திறனில் 8 மணி நேரம் ஓட்டும் அளவு டீசல், மற்ற சுமைகளுக்கு வேண்டியது போக, தொட்டியில் இருக்க வேண்டும். டீசல் ஜெனரேட்டர் ஒரு யூனிட்டுக்குத் தோராயமாகக் கால் லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 150 கிலோவாட் ஓடும்போது மணிக்கு 40 லிட்டர், 8 மணி நேரத்துக்கு 320 லிட்டர். தொட்டியை இதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாக, 425 லிட்டர் அளவில் போடுங்கள். அடியில் உள்ளதை என்ஜின் உறிஞ்சாது, மேலே விரிவடைய இடம் வேண்டும், சோதனை ஓட்டத்திலும் கொஞ்சம் கரையும்.

பொறி: மாடியில் சின்னத் தொட்டி, கீழே பெரிய தொட்டி, நடுவில் ஏற்றும் பம்ப் என்ற அமைப்பு. அந்த ஏற்றும் பம்புக்கு எங்கிருந்து கரண்ட் வருகிறது? எங்கள் முதல் வரைபடத்தில் அது சாதாரண மெயின் போர்டில் இருந்தது. மெயின் போனால் டீசல் ஏறாது.

எரிபொருள் சேமிப்புக்குத் தனி அனுமதி வேண்டியிருக்கலாம், தொட்டி பெரிதானால் நிச்சயம் விசாரியுங்கள். இந்தத் தாள் மெதுவாக நகரும் தாள்.

8. அறை, பேட்டரி, சூடாக்கி

ஜெனரேட்டரைக் கட்டடத்தின் தாழ்வான மூலையில் வைக்காதீர்கள். பம்ப் ஓடினால் தண்ணீர் ஓடும், தண்ணீர் கீழேதான் வரும். ரேடியேட்டர் காற்று வெளியே போகும் வழியிலேயே புகைபோக்கியும் இருந்தால், புகை திரும்ப உள்ளே வரும்.

மெயின் போன 10 நொடிக்குள் ஜெனரேட்டர் சுமையை ஏற்கத் தயாராக இருக்க வேண்டும். குளிர்ந்து உறைந்த என்ஜின் இதைச் செய்யாது, அதனால் ரேடியேட்டர் நீரைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டர் வேண்டும். ஜெனரேட்டர் கிளம்பாமல் போவதற்கு நான் கண்டவரை முக்கியக் காரணம் பேட்டரிதான். சார்ஜரின் பிளக் கழன்று கிடக்கும், முனைகளில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கும். இரண்டு, இரண்டரை ஆண்டில் பேட்டரியை மாற்றிவிடுங்கள், ஓடுகிறதே என்று இழுக்காதீர்கள்.

9. செலவும் காலமும்

தொகை ஒவ்வோர் இடத்துக்கும் மாறும், வரிசை மாறாது. முதலிடம் ஜெனரேட்டருக்கு. அடுத்து, பேனலும் மாற்று சுவிட்சும். மூன்றாவதாக எல்லோரும் மறக்கும் தீ தாங்கும் கேபிள். ஜெனரேட்டர் பம்ப் அறையிலிருந்து தூரமாக இருந்தால் இது இரண்டாவது இடத்துக்கே ஏறிவிடும். அதனால் இடத்தை முடிவு செய்யும் முன் நாடா பிடித்து அளந்துவிடுங்கள். பிறகு புகைபோக்கி, காற்றுக் குழாய், சத்தம் அடக்கும் கூடு, அடித்தளம், பளு தூக்கும் வண்டி. விலைப்புள்ளியில் இவை 'வாங்குபவர் பொறுப்பு' என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். சோதனைக்கு வாடகை லோடு பேங்க் (ஜெனரேட்டருக்குச் செயற்கையாகச் சுமை கொடுக்கும் கருவி) வேண்டுமா, அதன் வாடகை யாருடையது என்பதையும் பேசிவிடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, சான்று பெற்ற பேனலும் மாற்று சுவிட்சும் கையிருப்பில் கிடைப்பது அரிது, செய்து தர மாதக்கணக்கில் ஆகலாம். ஜெனரேட்டரும் அப்படியே. வரைபட ஒப்புதல் வரும் வரை காத்திருந்து ஆர்டர் செய்தால் கட்டடம் முடிந்து பம்ப் அறை காலியாக நிற்கும். ஒப்புதலுக்கு முன் ஆர்டர் செய்தால் என் கதை ஆகும். நடுவழி ஒன்று உண்டு. மோட்டார், பேனல் விவரங்கள் உறுதியானதும் ஜெனரேட்டருக்கு முன்பணம் கொடுத்து இடம் பிடியுங்கள். ஒப்புதலில் அளவு மாறினால் கூடுதல் அபராதமில்லாமல் மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேருங்கள். கேட்டால் தருவார்கள்.

ஒப்புதலுக்குப் போகும் கோப்பில் இவை இருக்கட்டும்: ஒற்றைக் கோட்டு மின் வரைபடம், சுமைப் பட்டியல், மோட்டார் கிளம்பும்போதான வோல்டேஜ் அறிக்கை, ஓடும்போதான வோல்டேஜ் கணக்கு, ஷார்ட் சர்க்யூட் கணக்கு, பிரேக்கர் ஒருங்கிணைப்பு வரைபடம், எரிபொருள் கணக்கு, கேபிள் போகும் பாதையும் அதன் தீத்தரமும், பேனல், மாற்று சுவிட்ச் சான்றுகள். எல்லாத் தாளிலும் மோட்டாரின் ஆம்பியர் ஒரே எண்ணாக இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். எங்கள் கோப்பில் மூன்று தாளில் மூன்று எண் இருந்தது, அதற்காகவே ஒருமுறை திரும்பி வந்தது.

10. சோதனை நாள்

அதிகாரி வரும் முன் நீங்களே ஒத்திகை பாருங்கள். முதல் வேலை, ஃபேஸ் வரிசை. மெயினில் பம்ப் சரியாகச் சுற்றும். ஜெனரேட்டரில் இரண்டு கம்பி இடம் மாறியிருந்தால் எதிர்த்திசையில் சுற்றும். ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், பம்ப் எதிர்த்திசையில் சுற்றினாலும் தண்ணீர் வரும். சத்தமும் கிட்டத்தட்ட அதேதான். அழுத்தம் மட்டும் ஏறாது. எங்கள் இரண்டாவது ஒத்திகையில் கேஜ் முள் பாதியில் நின்றபோது, வால்வு சரியாகத் திறக்கவில்லை என்று அரை மணி நேரம் வால்வோடு மல்லுக்கட்டினோம். கடைசியில் பேனலில் ஃபேஸ் மாற்ற எச்சரிக்கை விளக்கு எரிவதைப் பார்த்தது டீ வாங்கி வந்த பையன்.

பிறகு உண்மையான சோதனை. பம்பை உச்சச் சுமையில், தண்ணீர் முழு வேகத்தில் பாய, ஓடவிட்டு மெயினை அணையுங்கள். ஜெனரேட்டர் எழுந்து, சுவிட்ச் மாறி, பம்ப் மறுபடி அதே ஓட்டத்தைப் பிடிக்க வேண்டும். எந்த பிரேக்கரும் விழக்கூடாது. மெயினைத் திரும்பக் கொடுத்து, திரும்பி மாறும்போதும் விழக்கூடாது. தானியங்கித் தொடக்கமும் கைமுறைத் தொடக்கமும் பல முறை செய்வார்கள், அவற்றில் குறைந்தது பாதி ஜெனரேட்டரில் நடக்க வேண்டும். வால்வை மூடி வைத்து, தண்ணீர் ஓடாமல், "பாருங்கள், கிளம்புகிறது" என்று காட்டி முடிக்கப் பார்ப்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வோல்டேஜைப் பதிவு செய்யும் கருவியை வாடகைக்கு எடுத்து வையுங்கள். முள் மீட்டரால் அரை நொடி வீழ்ச்சியைக் காட்ட முடியாது. எங்கள் கடைசிச் சோதனையின் பதிவில் வீழ்ச்சி 12 சதவீதம் என்று வந்தது. அதிகாரி அந்தத் தாளைத்தான் முதலில் கேட்டார்.

11. அதற்குப் பிறகு

ஜெனரேட்டரை வாரம் ஒருமுறை கண்ணால் பாருங்கள்: டீசல், எண்ணெய், பேட்டரி, சுவிட்ச் 'ஆட்டோ'வில் இருக்கிறதா. பழுது பார்க்க வந்தவர் 'ஆஃப்'பில் வைத்துவிட்டுப் போவது சகஜம். மாதம் ஒருமுறை 30 நிமிடம், அதன் திறனில் குறைந்தது 30 சதவீதச் சுமையோடு ஓட்ட வேண்டும். மோட்டாரைக் கிளப்புவதற்காகப் பெரிதாக வாங்கிய ஜெனரேட்டர் என்பதால் இந்த 30 சதவீதம் பல மாதம் எட்டாது. சுமையில்லாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் எரியாத டீசல் புகைக்குழாயில் கருப்புப் பிசுக்காக இறங்கும். அப்படி இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை லோடு பேங்க் வைத்து ஒன்றரை மணி நேரம் நன்றாக ஓட்டிவிடுங்கள்: அரை மணி 50 சதவீதத்தில், ஒரு மணி 75 சதவீதத்தில். பம்பின் ஆண்டுச் சோதனையிலும், உச்ச ஓட்டத்தில் மெயினை அணைத்துப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

ஜாக்கி பம்ப் (குழாயில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சின்ன பம்ப்) ஜெனரேட்டரில் இல்லையென்றால் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நேர மின்தடையில் குழாயின் சின்னக் கசிவுகளை ஈடுகட்ட ஆள் இருக்காது, அழுத்தம் மெல்ல இறங்கும், நள்ளிரவில் தீயே இல்லாமல் பெரிய பம்ப் கிளம்பும். பதறாமல், முதலில் தீ மணியோ தண்ணீர் ஓட்ட எச்சரிக்கையோ அடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் பம்ப் அறைக் கதவின் உட்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை தொங்குகிறது. உள்ளே ஒற்றைக் கோட்டு வரைபடம், அந்த 12 சதவீதப் பதிவுத் தாள், பேட்டரி மாற்றிய தேதி. அடுத்து இந்தப் பொறுப்புக்கு வருபவர் தேட வேண்டாம் என்று பெரிய எழுத்தில் 'பம்ப்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.